மாவு மூச்சு விடுவதற்கு பேட்டன்ட் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஈரோடு. அப்பா முப்பது வருஷம் டிவி, டேப் ரெக்கார்டர் மெக்கானிக்காக இருந்தவர். கடையை மூடிய பிறகும் சாலிடரிங் அயனைக் கீழே வைக்கவில்லை. ஜி.டி. நாயுடு என்றால் அவருக்கு உயிர். நான் ஐ.டி. வேலை, தம்பி பாலிடெக்னிக் முடித்தவன். மூன்று பேரும் சேர்ந்து நான்கு கருவிகள் செய்திருக்கிறோம். ஒன்று, குக்கர் விசிலை எண்ணி, சொன்ன கணக்கு வந்ததும் கேஸ் அடுப்பைத் தானே அணைப்பது. இரண்டு, டார்ச், ரேடியோ, செல்போன் சார்ஜர், கொசு பேட் எல்லாம் உள்ள கைத்தடி. மூன்று, ஒருமுறை சுற்றிவிட்டால் கரண்ட் இல்லாமல் தானே ஓடும் ஜெனரேட்டர் (தம்பியுடையது, இன்னும் முழுதாக ஓடவில்லை). நான்கு, இட்லி மாவு பொங்கியதும் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ‘பொங்குமணி’. இதற்கு முதலில் மூடியில் தூரம் அளக்கும் சென்சார் வைத்தோம், ஈரம் படிந்து கெட்டுப்போனது. “காதை வச்சுக் கேட்டாலே மாவு பொங்கறது தெரியுமே” என்றார் அம்மா. பிறகு அப்பா பழைய காலிங் பெல்லில் இருந்த பீசோ தகட்டை (அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடு)ப் பாத்திரத்தின் அடியில் ஒட்டி, குமிழ் உடையும் சத்தத்தை எண்ண வைத்தார். மிக்ஸி, பஸ் சத்தத்தைக் கழிக்க, சமையல் மேடையைத் தொடுகிற மாதிரி இரண்டாவது தகட்டைத் தம்பி வைத்தான். ப்ரோக்ராம் என்னுடையது. அம்மா மாவு அரைத்துக் கொடுத்ததோடு சரி, வேறு பங்கில்லை. 60,000 ரூபாய் கொடுத்த தாய்மாமா தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். பொங்குமணியை ரீல் போட்டோம், நல்ல வரவேற்பு. ‘பேட்டன்டட்’ என்று 200 ஸ்டிக்கரும் அடித்தாயிற்று. தெருவில் சிலர் இதற்கெல்லாமா பேட்டன்ட் என்று சிரிக்கிறார்கள். நான்குக்கும் கிடைக்குமா? யார் பெயரில் போடுவது, எவ்வளவு ஆகும்? முதலில் அமெரிக்காவில் போடு என்கிறார் ஒரு நண்பர். காப்பியடித்தால் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 200 ஸ்டிக்கர். பெட்டியில் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். விண்ணப்பமே போடாத பொருளில் ‘பேட்டன்டட்’ என்று அச்சிட்டு விற்பது பேட்டன்ட் சட்டத்தின் 120-வது பிரிவில் மாட்டும். 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். விண்ணப்ப எண் கைக்கு வந்ததும் ‘பேட்டன்ட் விண்ணப்பம் நிலுவையில்’ என்று புதிதாக அடித்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை.

தெரு சிரிப்பதை விடுங்கள். ஜப்பானில் ஏழு பேர் சேர்ந்து காது கேளாதவர்களுக்காக ஒரு தீ எச்சரிக்கைக் கருவி செய்தார்கள். அது மணி அடிக்காது, அறைக்குள் வசாபி நெடியைப் பீய்ச்சும். வசாபி என்பது மீனோடு வைத்துச் சாப்பிடும் பச்சை விழுது, கடுகு மாதிரி மூக்கில் ஏறும். 2011-ல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு அது. அவர்கள் அதற்கு அமெரிக்காவில் பேட்டன்ட் விண்ணப்பமும் போட்டிருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘நெடியால் எழுப்பலாம்’ என்று யாரும் சொல்லிவிட்டுப் போகலாம். தூங்குகிறவர் விழிக்க வேண்டும், ஆனால் மூச்சுத் திணறக் கூடாது. அதற்குக் காற்றில் எவ்வளவு வசாபி இருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். உங்கள் நான்கு கருவிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

தம்பியின் ஜெனரேட்டரை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானது எதுவும் பிரிவு 3(ஏ)-படி கண்டுபிடிப்பே இல்லை. ‘இன்னும் முழுதாக ஓடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடாது.

கைத்தடி நல்ல சாமான்தான், எனக்கே ஒன்று வேண்டும். ஆனால் அதில் டார்ச் டார்ச்சாகவும் ரேடியோ ரேடியோவாகவும் தனித்தனியே தன் வேலையைப் பார்க்கிறது. ஒன்றால் இன்னொன்று மாறவில்லை. தெரிந்த பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் அது பிரிவு 3(எஃப்)-ல் அடிபட்டுப்போகும். இதற்கு வடிவப் பதிவு பொருந்தும். தடியின் உருவம் புதிதாக இருந்து, இதுவரை வெளியே காட்டாமலும் இருந்தால் தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். 10 வருடம் கிடைக்கும், மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம்.

விசில் கருவியைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. இந்திய பேட்டன்ட் அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடுபொறியில் குக்கர், விசில் இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. விசிலை எண்ணுவது, எண்ணி அலாரம் அடிப்பது, அடுப்பை அணைப்பது என்று பக்கம் பக்கமாக வரும். நம் நாட்டில் குக்கர் வைத்திருக்கும் ஒவ்வொரு எஞ்சினியருக்கும் ஒருநாள் இந்த யோசனை வந்திருக்கிறது. அடுப்பின் திருகைத் திருப்பும் மோட்டாரில் நீங்கள் செய்த மாற்றம் நன்றாக இருக்கலாம். ஆனால் பாத்திரம் கடையும் கருவி ஒன்றைப் பற்றிய வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பட்டறையில் கைத்தேர்ந்தவர் இயல்பாகச் செய்யும் மேம்பாடு போதாது, அதைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும். செய்து விற்க நினைத்தாலும் பிறருடைய உயிரோடிருக்கும் பேட்டன்டில் கால் வைக்கிறோமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி பொங்குமணி.

நீங்கள் அனுப்பிய ரீலை நான்கு தடவை பார்த்தேன். மூடி, செல்போனில் வரும் செய்தி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஆச்சரியம், எல்லாம் சரி. கடைசியில் தம்பி பாத்திரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டுகிறார். தகடு தெரிகிறது. அதுகூடப் பரவாயில்லை, ஒரு தகட்டைப் பார்த்து அது என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அம்மாவின் குரல்: “இது மாவோட மூச்சைக் கேக்குது.” முடிந்தது. அடியில் ஒட்டிய தகட்டால் குமிழின் சத்தத்தைக் கேட்டு மாவின் பதத்தை அறியலாம் என்பது அந்த ஒரு வரியோடு ஊருக்குப் பொதுவாகிவிட்டது.

நாமே வெளியிட்டதுதானே என்று கேட்பீர்கள். இந்தியச் சட்டத்தில் அதற்குப் பொதுவான மன்னிப்பு கிடையாது. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் வைத்தது, அறிஞர் சபையில் கட்டுரையாகப் படித்தது போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. ரீல் அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது நீக்கினாலும் வெளியானது வெளியானதுதான். இனிமேல் எதையும் போடாமல் இருங்கள், அது போதும்.

ஆனால் நான் நான்கு தடவை பார்த்தது வேறொன்றுக்காக. மேடையைத் தொடும் இரண்டாவது தகடு ரீலில் எங்கேயும் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. உங்கள் கடிதத்திலும் அதற்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் எனக்கு உங்கள் பேட்டன்ட் இருப்பதாகப் படுவது அங்கேதான். அமைதியான அறையில் குமிழை எண்ண முதல் தகடே போதும். சமையலறையில் காலை ஐந்தரை மணிக்கு மிக்ஸி ஓடுகிறது, வாசலில் பஸ் போகிறது, மேடையே அதிர்கிறது. இரண்டு தகட்டுக்கும் பொதுவாக வருவது வெளிச் சத்தம், முதல் தகட்டில் மட்டும் வருவது மாவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறீர்கள். கழித்த பிறகு எண்ணிக்கை உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தில் செய்தி அனுப்புகிறீர்கள். இது புளிப்பதற்கு முந்தைய பதம் என்று அம்மா சொல்லியிருப்பார்.

இதை உரிமைக்கோரிக்கையாக (எது நமக்கே சொந்தம் என்று விண்ணப்பத்தில் கோரும் வாசகம்) எழுதும்போது ‘இட்லி மாவு’ என்று எழுதிவிடாதீர்கள். ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும்: ‘நொதிக்கும் கலவை உள்ள கலனின் வெளிப்புறத்தில் பொருந்தும் முதல் அதிர்வு உணரி, அக்கலன் அமரும் பரப்பைத் தொடும் இரண்டாம் உணரி, இரண்டாவதன் சமிக்ஞையைக் கொண்டு முதலாவதிலிருந்து புறச் சத்தத்தை நீக்கி, குமிழ் உடையும் வீதம் உச்சத்தைக் கடந்து குறைவதை அறிந்து அறிவிக்கும் கட்டுப்பாட்டகம்.’ இட்லி மாவு என்று எழுதினால் ரொட்டி மாவுக்கு இதையே செய்கிறவன் தப்பித்துப் போய்விடுவான். கள்ளுப் பானைக்கு வைக்கிறவனும்.

தேடும்போதும் இதே புத்திதான் வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் பேட்டன்ட் அலுவலக ஆய்வாளர் ‘தோசை’ என்று தேடமாட்டார். நொதித்தல், ஒலி, அதிர்வு என்று தேடி, பீர் தொட்டிக்கும் ஒயின் பீப்பாய்க்கும் போவார். நீங்கள் அவருக்கு முன்னால் அங்கே போய்வந்துவிடுங்கள். இன்பாஸோடு கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் இரண்டும் இலவசம். ஒரு வார இறுதி போதும். இரண்டாவது உணரியால் சத்தத்தைக் கழிப்பது வேறு துறைகளில் பழைய வித்தை, ஹெட்போனிலேயே இருக்கிறது. அதனால் இங்கே அதை வைப்பதில் என்ன சிரமம் இருந்தது, எத்தனை தடவை தோற்றது என்பதை விவரக்குறிப்பில், அதாவது கருவியை முழுதாக விளக்கி விண்ணப்பத்தோடு கொடுக்கும் ஆவணத்தில், எழுத வேண்டும். மாசி வெயிலில் எத்தனை மணி நேரம், மார்கழிக் குளிரில் எத்தனை, எவர்சில்வர் பாத்திரத்தில் எப்படி, மண்பானையில் எப்படி என்று அப்பாவின் நோட்டில் இருப்பதையெல்லாம் சேருங்கள். மெக்கானிக்குகளுக்குத் தோற்ற கதையை எழுதுவது பிடிக்காது. ஆய்வாளரின் ஆட்சேபத்துக்குப் பதில் எழுதும் நாளில் அந்தக் கதைதான் கைகொடுக்கும்.

நீங்கள் எழுதிய ப்ரோக்ராமைத் தனியாக பேட்டன்ட் செய்ய முடியாது, பிரிவு 3(கே) தடுக்கும். கருவியின் அங்கமாகத்தான் அது உள்ளே வரும். எழுதிய வரிகளுக்குப் பதிப்புரிமை தானாகவே உங்களுக்கு உண்டு. (பத்திரிகைகள் இரண்டையும் ‘காப்புரிமை’ என்றே எழுதிவிடுவதால், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் அரை மணி நேரம் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில் போகிறது.)

இப்போது பெயர்கள். படிவம் 1-ல் இரண்டு இடம் உண்டு: கண்டுபிடித்தவர், விண்ணப்பதாரர். இரண்டும் ஒன்றல்ல. கண்டுபிடித்தவர் என்பது உண்மை, மரியாதை அல்ல. யோசனைக்குள் யாருடைய மூளை போயிருக்கிறதோ அவர் பெயர் வர வேண்டும், மற்றவர் பெயர் வரக் கூடாது. மாமாவின் பெயர் வராது. பணம் போட்ட கூட்டாளி கண்டுபிடித்தவர் ஆகமாட்டார் என்று மைசூர் உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது, 1960-ம் ஆண்டுத் தொகுப்பில் வெளியானது. மாமாவுக்கு லாபத்தில் இத்தனை சதவீதம் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொடுங்கள். தாய்மாமனிடம் எப்படிப் பத்திரம் நீட்டுவது என்று கூச்சப்படாதீர்கள், மொய் வாங்கினால்கூட நோட்டில் எழுதுகிற ஊர் நம்முடையது.

அம்மாவுக்குப் பங்கில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வரி மேலே, காதை வைத்துக் கேட்டாலே தெரியும் என்று அவர் சொன்னதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதுவரை அப்பா மாவின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். உயரத்தை விட்டுச் சத்தத்துக்குத் திரும்பியது யாரால்? நான் உங்கள் வழக்கை நடத்தினால் கண்டுபிடித்தவர் பட்டியலில் அவர் பெயரை விடமாட்டேன். விட்டால் பிற்காலத்தில் எதிர்த் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். விண்ணப்பதாரர் எல்லோரும் தனிநபர்களாக இருந்து, ஒருவராவது பெண்ணாக இருந்தால் படிவம் 18ஏ-யில் விரைவுப் பரிசோதனையும் கேட்கலாம். அதற்காக அம்மாவைச் சேர்க்கச் சொல்லவில்லை. சேர வேண்டியவர் சேர்ந்தால் அதுவும் கூடவே கிடைக்கிறது.

நான்கு பேரும் விண்ணப்பதாரர் ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிரிவு 50-ன்படி வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நான்கு பேருக்கும் பிரிக்காத சம பங்கு. ஒவ்வொருவரும் தானே தயாரித்து விற்றுக்கொள்ளலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை. ஆனால் வெளியாளுக்கு உரிமம் கொடுக்கவோ பங்கை விற்கவோ மற்ற மூன்று பேரின் சம்மதமும் வேண்டும். நாளைக்குக் கோவையில் ஒரு கிரைண்டர் கம்பெனி கதவைத் தட்டுகிறது, தம்பி துபாயில் இருக்கிறார், உங்களுக்குள் வேறு எதற்கோ பேச்சுவார்த்தை இல்லை. உரிமம் அப்படியே நிற்கும். இப்படி நின்றுபோன ஒரு கோப்பு என் அலமாரியில் இருக்கிறது, அண்ணன் தம்பி இருவரும் நல்லவர்கள். யார் முடிவெடுப்பது, வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது, ஒருவர் காலமானால் அவர் பங்கு யாருக்கு என்று எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இந்த நாளிலேயே எழுதிவிடுங்கள்.

செலவு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். 30 பக்கத்துக்கு மேல் போனால் பக்கத்துக்கு 160, பத்து உரிமைக்கோரிக்கைக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320. பரிசோதனை கோர 4,000, விரைவு வழியில் 8,000. கிடைத்த பிறகு ஆண்டுக் கட்டணம், விண்ணப்பித்த தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் வருடம் முதல்: ஆறாம் வருடம் வரை வருடத்துக்கு 800, அடுத்து 10 வரை 2,400, 15 வரை 4,800, 20 வரை 8,000. இருபது வருடமும் கட்டினால் மொத்தம் 76,800 ரூபாய். இதெல்லாம் அரசுக்கு. விவரக்குறிப்பு எழுத ஏஜென்ட் கேட்பது விண்ணப்பக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். என் தொழிலுக்காகச் சொல்லவில்லை, அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். வேறு எதைத் தப்பாகச் செய்தாலும் பெரும்பாலும் திருத்தலாம், முதல் நாள் எழுதாமல் விட்டதைப் பின்னால் சேர்க்க முடியாது.

அவசரம் என்பதால் தற்காலிக விவரக்குறிப்போடு இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள். கிண்டி அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை, ஈரோட்டிலிருந்தே இணையத்தில் போடலாம். தேதி கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. ‘தற்காலிகம்தானே’ என்று அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது தகடு அதில் இல்லையென்றால் அந்தத் தேதி இரண்டாவது தகட்டுக்குக் கிடைக்காது. 31 மாதத்துக்குள் பரிசோதனைக் கோரிக்கை போட வேண்டும், 2024 விதிகளுக்கு முன்பு 48 மாதம் இருந்தது. பழைய வீடியோக்களை நம்பாதீர்கள்.

அமெரிக்க நண்பர் சொன்னதில் பாதி சரி. அங்கே சொந்த வெளியீட்டுக்கு ஒரு வருடச் சலுகை உண்டு, உங்கள் ரீல் அங்கே உடனே கழுத்தைப் பிடிக்காது. ஆனால் இந்தியாவில் வசிப்பவர் அனுமதி வாங்காமல் நேராக வெளிநாட்டில் போடுவதைப் பிரிவு 39 தடுக்கிறது. இங்கே போட்டு ஆறு வாரம் பொறுங்கள், அல்லது அனுமதி கேட்டு வாங்குங்கள். உலகத்துக்கே ஒரு பேட்டன்ட் என்று எதுவும் இல்லை, நாடு நாடாகச் செலவுதான். இட்லி மாவு பொங்குவதை அறிய அமெரிக்காவில் எத்தனை பேர் காசு கொடுப்பார்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். காலமும் ஒரு கணக்கு. செல்ஃபி ஸ்டிக்கை 1980-களிலேயே பேட்டன்ட் செய்தவர் ஹிரோஷி உவேடா, மினோல்டா கேமரா கம்பெனி எஞ்சினியர். பாரிஸில் லூவர் அருங்காட்சியக வாசலில் படம் எடுக்கச் சொல்லி ஒரு சிறுவனிடம் கேமராவைக் கொடுக்க, அவன் அதோடு ஓடிவிட்டான். அதில் பிறந்த யோசனை. 2003-ல் பேட்டன்ட் காலாவதியானது. முன்பக்கக் கேமரா வைத்த செல்போன்கள் உலகம் முழுக்கப் பரவி, ஆளுக்கொரு குச்சி வாங்கியது அதற்குப் பிறகு.

கடைசியாக, காப்பியடித்தால்? மதுரைக்காரர் சோமசுந்தரம் ராம்குமாரின் கதையை அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஒரே செல்போனில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் என்று 2002-ல் சென்னையில் விண்ணப்பித்தார், 2008-ல் பேட்டன்ட் கிடைத்தது. அதை வைத்துச் சுங்கத்துறையில் பதிவு செய்தார். 2009-ல் பெரிய கம்பெனிகளின் இரட்டை சிம் செல்போன்கள் விமான நிலையத்தில் நின்றன. ஒரு தனி மனிதர் அவ்வளவு தூரம் போனார். கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்து அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. 2012-ல் பேட்டன்ட் ரத்தானது. அரசு முத்திரை குத்திக் கொடுத்தாலும் அது செல்லும் என்று அரசே உத்தரவாதம் தருவதில்லை, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆகவே தேடல் பலமாக இருக்கட்டும், கோரிக்கை அளவாக இருக்கட்டும். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு கடையையும் துரத்த உங்களுக்கு வயசும் பணமும் போதாது. மாவு அரைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்று உங்களிடம் உரிமம் வாங்கினால் துரத்துகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். ‘பொங்குமணி’ என்ற பெயரையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யுங்கள், தனிநபருக்கு 4,500 ரூபாய். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் பேட்டன்ட் முடிந்த பிறகும் பெயர் உங்களுடையது.

படிவத்தில் அம்மாவின் பெயரை எழுதும்போது ஆதாரில் இருக்கிறபடி எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கும் இனிஷியலும் வேறு வேறாக இருந்தால் பின்னால் திருத்த ஒரு படிவம், அதற்கு ஒரு கட்டணம். கையெழுத்தையும் அவரே போடட்டும், நீங்கள் போட்டுவிடாதீர்கள்.